டீச்சர் பதில்கள்: பெரியாச்சி நிறுத்தி வைத்த சீட்டு

போன மாதம் இந்தப் பக்கத்தில் 2024ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்ததற்காக என்றும், நம் உடம்பின் காவல் அணுக்கள் வளர்ந்து ஆளாவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஏழு கடிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் பாம்புக்கடி, கண்புரை கேள்விகளெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். டி.என்.ஏ.வில் இருந்து ஆர்.என்.ஏ., அதில் இருந்து புரதம் என்று படித்திருக்கிறோம். மைக்ரோ ஆர்.என்.ஏ. இதில் எங்கே வருகிறது? புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வுக்கு என்ன வேலை?
— பள்ளத்தூர் மாணவி

எங்கள் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அங்கே கல்யாணம் என்றால் பத்து நாளைக்கு எங்கள் வீட்டுப் பக்கமே வர மாட்டார். அவருக்கு மாற்று வேட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் அங்கேயே கிடப்பேன். பேரேடு பெட்டகத்துக்குள் இருக்கும். அதை யாரும் வெளியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. என்றைக்கு என்ன பலகாரம், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் அதில்தான். அப்பா அதைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதுவார்: கந்தரப்பம் இத்தனை, சீயம் இத்தனை, வெள்ளைப் பணியாரம் இத்தனை. ஒரு பையன் சீட்டை வாங்கிக்கொண்டு வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிக்கு ஓடுவான். சீட்டு போய்ச் சேர்ந்ததும் அங்கே எண்ணெய் காயும்.

பேரேடு டி.என்.ஏ. என்றால், சீட்டு நீ படித்த தூது ஆர்.என்.ஏ.; பலகாரம் புரதம். உன் பாடம் இதுவரைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அடுப்படி வாசலில் பெரியாச்சி உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு பலகாரமும் செய்வதில்லை. போகிற சீட்டை வாங்கிப் பார்ப்பார். முழுச் சீட்டையும் படிக்கிற அளவுக்குக் கண் தெரியாது. அதனால் சீட்டின் அடியில் அப்பா ஒரு குறி போட்டுவிடுவார், இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று. பெரியாச்சி அந்தக் குறியை மட்டும் பார்ப்பார். அந்த வேளைக்கு இனிப்பு போதும் என்று பட்டால் இனிப்புக் குறி போட்ட சீட்டுகளையெல்லாம் செம்புக்கு அடியில் வைத்துவிடுவார். சிலதைக் கிழித்தும் போடுவார். அதற்காகப் பந்தியில் இனிப்பே இல்லாமல் போய்விடாது. அளவு குறையும், அவ்வளவுதான்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. செல்லுக்குள் செய்வது இதைத்தான். அதுவும் டி.என்.ஏ.வில் இருந்து பிரதி எடுக்கப்படுவதுதான். முதலில் நீளமான இழையாக இருக்கும். உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதைச் சுமார் 70 எழுத்துள்ள கொண்டை ஊசி மாதிரி வெட்டும். அது வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி வெட்டிச் சுமார் 22 எழுத்தாக்கும். அந்தச் சின்னத் துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் கையில் பிடித்துக்கொண்டு சீட்டுகளைத் தேடும். துண்டின் இரண்டாம் எழுத்தில் இருந்து எட்டாம் எழுத்து வரை, ஏழே எழுத்து, ஒரு சீட்டின் வால் பகுதியோடு ஜோடி சேர்ந்தால் போதும். அந்தச் சீட்டு நிறுத்தப்படும், அல்லது சிதைக்கப்படும். ஏழு எழுத்துதான் குறி என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளை மறிக்க முடியும். ஒவ்வொரு புரதத்தையும் அது குறைக்கிற அளவு பெரும்பாலும் பாதிகூட இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள், கண்ணு. கீழே மூன்றாவது பதிலில் இதற்கு வேலை இருக்கிறது.

இது முதலில் தெரியவந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில். 1993 டிசம்பரில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவும் கேரி ரவ்குன் குழுவும் ‘செல்’ என்ற ஆய்விதழின் ஒரே இதழில் எழுதினார்கள். லின்-4 என்ற மரபணு புரதமே செய்யவில்லை; 22 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. ஒன்றைத்தான் செய்தது, அது லின்-14 என்ற மரபணுவின் சீட்டை மறித்தது. லின்-4 கெட்டுப்போன புழு வளர்ச்சியில் முன்னால் போகாமல் முதல் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்தது. ஏதோ புழுவுக்கு மட்டும் உள்ள விசேஷம் என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு ரவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்து, அது மனிதன் உட்பட ஏராளமான விலங்குகளில் இருப்பதைக் காட்டிய பிறகுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. இன்றைக்கு மனிதனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் தெரியும்.

நான் 31 வருடம் விலங்கியல் நடத்தினேன். 1993க்குப் பிறகும் பல வருடம், புரதம் தராத டி.என்.ஏ. பகுதிகளை ‘வெறும் இடைவெளி’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

காய்ச்சல் என்று பையனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். நியூட்ரோபில் 62, லிம்போசைட் 30, மோனோசைட் 6, ஈசினோபில் 2 என்று எழுதியிருந்தது. எல்லாமே எலும்பு மஜ்ஜையில் ஒரே தாய் அணுவில் இருந்து வருகின்றன என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எது எதுவாக ஆக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
— தேவகோட்டை வாசகி

ஒருவர் முடிவு செய்வதில்லை அம்மா. எந்த மரபணுவில் இருந்து சீட்டு எழுத வேண்டும் என்று சொல்கிற புரதங்கள் உண்டு. முதல் முடிவு அவற்றுடையது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அடுத்து வந்து அந்த முடிவை நிலைக்க வைக்கின்றன, அளவு பார்க்கின்றன, நேரம் பார்க்கின்றன.

இதை முதலில் காட்டியது 2004ல் வந்த ஒரு ஆய்வு. சாங்-ஜெங் சென், ஹார்வி லோடிஷ், டேவிட் பார்டெல் ஆகியோர் எலியின் மஜ்ஜையில் எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று தேடினார்கள். மிர்-181, மிர்-223, மிர்-142 என்ற மூன்றும் ரத்த அணுக்களில் தனியாகத் தெரிந்தன. இன்னும் எதுவாகவும் ஆகாத இளம் அணுக்களுக்குள் மிர்-181ஐக் கூடுதலாகச் செலுத்தியபோது பி செல்லாக மாறுகிறவற்றின் பங்கு கூடியது. லிம்போசைட்டில் எதிர்ப்பொருள் சுரக்கும் வகைதான் பி செல். இருபத்திரண்டு எழுத்து ஒரு அணுவின் போக்கை இழுத்துவிட்டது! அந்த ஆய்வின் சுருக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நேரம் பார்ப்பது என்று சொன்னேன் அல்லவா. ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தூக்குவார்கள். தூக்குகிற நேரம் தெரிந்த கைதான் கை. நிறைந்து முடியும் முன்பே தூக்கினால் பூ வேறு, இலை வேறு என்று தெரியாமல் நிறங்கள் ஒன்றோடு ஒன்று ஓடிவிடும். மிர்-150 அப்படிப்பட்டது. வளர்ந்து முடிந்த பி செல்லிலும், லிம்போசைட்டின் இன்னொரு வகையான டி செல்லிலும் அது நிறைய இருக்கும். வளர்கிற அணுவில் இருக்காது. ஏனென்றால் அது மறிக்கிற சீட்டுகளில் ஒன்று சி-மிப் என்ற புரதத்துடையது. வளர்கிற பி செல்லுக்கு அந்தப் புரதம் கட்டாயம் வேண்டும். 2007ல் எலிகளில் மிர்-150ஐ முன்கூட்டியே வர வைத்துப் பார்த்தார்கள். பி செல் வளர்ச்சி ஆரம்பப் படியிலேயே நின்றுவிட்டது.

உங்கள் பையனுடைய தாளில் 62 என்று இருக்கிற நியூட்ரோபிலுக்கு வருவோம். ஒரு பெரிய ஆளின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுள் மிகக் குறுகியது, செய்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு வேகத்தில் ஓடுகிற ஆலைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? மிர்-223 அதில் ஒன்று. 2008ல் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நீக்கிய எலிகளில் நியூட்ரோபில் வகை அணுக்கள் பெருகின. பெருகினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த அணுக்கள் சின்னத் தூண்டுதலுக்கும் பொங்கி எழுந்தன. கிருமியே இல்லாமல் எலிகளின் நுரையீரலில் அழற்சி வந்தது.

தாளில் உள்ள எண்களைக் காய்ச்சலோடும் பையனின் வயதோடும் சேர்த்து உங்கள் டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு லிம்போசைட்டின் பங்கு பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. அடுத்த முறை தாளில் அப்படி வந்தால் பதறிவிடாதீர்கள்.

டி செல்கள் தைமஸில் ‘பரீட்சை’ எழுதுவதாகவும், பெரும்பாலானவை தோற்றுச் செத்துப்போவதாகவும் படித்தேன். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அதில் ஏதாவது வேலை உண்டா டீச்சர்?
— காரைக்குடி, எம்.எஸ்ஸி. மாணவர்

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான், தம்பி.

மற்ற வாசகர்களுக்காக முதலில் பரீட்சையைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பி தைமஸ். மஜ்ஜையில் இருந்து அங்கே வருகிற ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பியை, அதாவது வெளியே இருப்பதைத் தொட்டு உணர்கிற புரதத்தை, தற்செயலாக அமைத்துக்கொள்கிறது. எந்தச் செல்லுக்கு எப்படி அமையும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே அதற்கு நம் சொந்த உடம்பின் துணுக்குகளைக் காட்டுகிறார்கள். கொஞ்சம்கூட உணர முடியாத செல் உபயோகமில்லை என்று விடப்பட்டுச் சாகும். அழுத்திப் பிடித்துக்கொள்கிற செல் நாளைக்கு நம் உடம்பையே தாக்கும், அதனால் அதுவும் சாகும். மெல்லத் தொட்டு உணர்கிற செல்தான் தேறும். நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தோற்றுப்போகும்.

சரி, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தேறுவதற்கு அந்தச் செல் சொந்த உடம்பின் மெல்லிய சைகையைக் கேட்டாக வேண்டும். தேறி வெளியே போன பிறகு அதே செல், அதே ஏற்பி, அதே மெல்லிய சைகைக்கு எழுந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும்போது கூர்மையான காது, வெளியே போனால் சாதாரணக் காது. இது எப்படி நடக்கிறது?

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் காது மந்தமாகிவிட்டது. சட்டைப் பையில் வைக்கிற, திருகு உள்ள ஒரு காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். யாராவது கணக்கைப் பற்றிப் பேச வந்தால் திருகைக் கூட்டுவார். அவர்கள் போனதும் குறைத்துவிடுவார். இல்லாவிட்டால் அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம்கூட இடி மாதிரி கேட்கும் என்பார். வளரும் டி செல்லில் அந்தத் திருகு மிர்-181ஏ.

2007ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ், சாங்-ஜெங் சென் ஆகியோரின் குழு இதைக் காட்டியது. தைமஸில் பரீட்சை எழுதும் பருவத்தில் மிர்-181ஏ மிக அதிகம். வெளியே போகும் முதிர்ந்த செல்லில் குறைந்துவிடும். ஏற்பியில் இருந்து வருகிற சைகையை அழிக்கிற நொதிகள் சில செல்லுக்குள் இருக்கின்றன, பாஸ்பட்டேஸ்கள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மிர்-181ஏ அவற்றின் சீட்டுகளை மறிக்கிறது. அழிக்கிற கை குறைந்தால் சைகை ஓங்கிக் கேட்கும். இதில் கவனிக்க வேண்டியது, அது ஒரே ஒரு பாஸ்பட்டேஸை மட்டும் குறைப்பதில்லை. எஸ்.எச்.பி.-2, பி.டி.பி.என்.22, டஸ்ப்-5, டஸ்ப்-6 என்று பலவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைக்கிறது. பள்ளத்தூர் மாணவிக்குச் சொன்ன ‘பாதிகூட இருக்காது’ என்பது இங்கேதான் உதவுகிறது. ஒரு சங்கிலியில் பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் கடைசியில் வருகிற மாற்றம் பெரிது.

வளரும் செல்லில் இந்த மிர்-181ஏவைத் தடுத்தால் என்ன ஆகும்? காது மந்தமான செல் சொந்த உடம்பை அழுத்திப் பிடித்தாலும் அதற்கு உறைக்காது. சாக வேண்டியது தேறிவிடும். 2009ல் இதையும் சோதித்தார்கள். சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய செல்கள் தப்பித்து முதிர்ந்தன. பரீட்சை வினாத்தாளில் ஒரு பிழையும் இல்லை. திருகு மட்டும் குறைந்திருந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா 2009 மழைக்காலத்தில், 84 வயதில், நிமோனியாவில் போனார். மூன்று வருடம் கழித்து ஒரு கட்டுரை வந்தது. வயதானவர்களின் டி செல்களில், இன்னும் கிருமியையே பார்க்காத வகையில், மிர்-181ஏ குறைந்துபோகிறது; அதனால் டஸ்ப்-6 கூடி, செல் சைகையைச் சரியாகக் கேட்பதில்லை என்று அதில் இருந்தது. அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, ஒரு மனிதரின் கடைசிக் காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் கருவியை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு, “என்னம்மா சொன்னே?” என்று அவர் குனிந்து கேட்பதுதான் அந்தக் கட்டுரை முழுக்க எனக்குத் தெரிந்தது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வளவு எத்தனை! அவர்களுக்கு நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

கவுனி அரிசியில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கலந்து நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
— கோட்டையூர் வாசகர்

இல்லை. செய்தியின் வேர் எங்கே என்று எனக்குத் தெரிகிறது. 2012ல் சீனாவில் ஒரு குழு, அரிசியில் உள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் இருப்பதாக எழுதியது. உலகம் முழுக்கப் பேசினார்கள். மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. நாம் தின்கிற ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி வயிற்றிலும் குடலிலும் செரித்துத் துண்டாகிவிடும். அதில் கவுனிக்கு என்று தனியாக எதுவும் காட்டப்படவில்லை.

கவுனி அரிசி நல்ல சாப்பாடு. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுங்கள். அதன் பெயரில் பொய் சொல்லி விற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

என் தம்பிக்கு 66 வயது. வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது வெள்ளணு கூடுதலாக இருந்து, ‘சி.எல்.எல்.’ என்ற ரத்தப் புற்று என்று சொன்னார்கள். ஆனால் மருந்து இப்போது வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— கண்டனூர் வாசகர்

அண்ணன், முதலில் பயத்துக்குப் பதில். கைவிடவில்லை. சி.எல்.எல். என்பது பி செல் வகை அணுக்கள் மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகிற புற்று. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்ப நிலையில் மருந்து கொடுக்காமல் கவனித்து வருவதுதான் உலகம் முழுக்க உள்ள மருத்துவ முறை. தம்பி அந்த மூன்று மாதத் தேதியைத் தவறவிடாமல் போவதுதான் முக்கியம். இடையில் காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுவது, எடை குறைவது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி பெரிதாவது என்று ஏதாவது தெரிந்தால் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

சம்பந்தம் உண்டு, நேரடியாகவே உண்டு. சி.எல்.எல். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்தத் துண்டில் புற்றைத் தடுக்கிற ஏதோ புரதம் இருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2002ல் கார்லோ குரோச்சேயின் குழு அங்கே இருப்பது புரதம் இல்லை, மிர்-15ஏ, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று கண்டுபிடித்தது. மனிதனின் புற்றுநோயோடு மைக்ரோ ஆர்.என்.ஏ. சேர்த்துப் பேசப்பட்டது அதுதான் முதல் முறை. இந்த இரண்டும் பி.சி.எல்.2 என்ற புரதத்தின் சீட்டை மறிக்கிறவை. வயது முடிந்த அணுவைச் சாக விடாமல் பிடித்து வைக்கிற புரதம் அது. மறிக்க ஆள் இல்லாததால் அது பெருகி, போக வேண்டிய பி செல்கள் போகாமல் தங்கிவிடுகின்றன.

இன்றைக்கு அந்தப் பி.சி.எல்.2 புரதத்தையே பிடித்து நிறுத்துகிற வெனடோக்ளாக்ஸ் என்ற மாத்திரை இருக்கிறது. 2016ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தம்பிக்கு மருந்து தேவைப்படுகிற நாள் வந்தால், எந்த மருந்து என்று டாக்டர் சொல்வார். அந்த நாள் வராமலே போகிறவர்களும் உண்டு.

இவ்வளவு சக்தி உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஊசியாகப் போட்டு எதிர்ப்பு சக்தியைக் கூட்டிவிட முடியாதா?
— குன்றக்குடி வாசகர்

‘கூட்டுவது’ என்ற ஆசையில்தான் எனக்குச் சங்கடம். மிர்-155 என்று ஒன்று இருக்கிறது. அது பிக் என்ற மரபணுவில் இருந்து வருகிறது. அந்த மரபணு புரதம் எதுவும் தராததால் நெடுநாள் புதிராக இருந்தது. 2007ல் அதை நீக்கிய எலிகளுக்குத் தடுப்பூசி போட்டும் பலன் தரவில்லை, நல்ல எதிர்ப்பொருளும் உண்டாகவில்லை. அப்படியானால் அதைக் கூட்டலாமே? பி செல்லில் அதை மிகுதியாக வர வைத்த எலிகளுக்கு ரத்தப் புற்று வந்தது.

மிர்-146ஏ இதற்கு எதிர்ப்பக்கம். டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடம் 2006ல் கண்டது இது. கிருமியின் நஞ்சு பட்டதும் செல்லுக்குள் அபாய மணி அடிக்கிறது. அந்த மணியே மிர்-146ஏவையும் எழுப்புகிறது. அது போய் மணியை அடிக்கிற ட்ராஃப்-6, ஐராக்-1 என்ற இரண்டு புரதங்களின் சீட்டை மறித்து, மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குகிறது. இது இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏறத் தன் உடம்பையே தாக்கும் நோய் வந்தது. கூட்டுவதற்கு ஆள், குறைப்பதற்கு ஆள், இரண்டும் ஒரே செல்லுக்குள் இருந்து நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

புற்றுநோய்க்காக ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்து நோயாளிகளுக்குச் செலுத்திய முதல் மருத்துவச் சோதனை, நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகச் சீறியதால் 2016ல் நிறுத்தப்பட்டது. இதன் பங்காளியான இன்னொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ. மருந்தாகவே வந்துவிட்டது. 2018ல் அனுமதி பெற்ற பட்டிசிரான், கல்லீரல் செய்கிற ஒரு கெட்ட புரதத்தின் சீட்டை மறிக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு என்று அப்படி ஒன்றும் இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பேத்தி பிறந்து 20 நாள் ஆகிறது. பச்சைப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது என்று மருமகள் யாரையும் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறாள். அவங்க தாத்தாகூட வாசலோடு நிற்கிறார். இது சரியா?
— அரியக்குடி ஆச்சி

ஆச்சி, ‘கிடையாது’ என்பது சரியில்லை, ‘வேறு மாதிரி’ என்பதுதான் சரி. மருமகளின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக ஏற்கனவே குழந்தைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. சீம்பாலிலும் பாலிலும் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தையின் சொந்தக் காவல் அணுக்களும் இருக்கின்றன. ஆனால் அவை வயிற்றுக்குள் இருந்த காலத்துப் பழக்கத்தில் இருக்கின்றன.

வயிற்றுக்குள் குழந்தையின் ரத்தம் பல மாதங்கள் பெரும்பாலும் கல்லீரலில்தான் ஊறுகிறது, பிறகுதான் மஜ்ஜைக்கு மாறுகிறது. அங்கே உருவாகிற அணுக்கள் சண்டைக்குச் சட்டென்று எழாத குணம் உள்ளவை. தாயின் உடம்புக்குள் இருக்கிற குழந்தை, தாயின் அணுக்களோடு சண்டை போடக் கூடாது அல்லவா. அந்தப் பருவத்தில் லின்-28பி என்ற புரதம் நிறைய இருந்து லெட்-7ஐ அடக்கி வைத்திருக்கிறது. வளர வளர லின்-28பி இறங்கும், லெட்-7 ஏறும். 2012ல் ஒரு சோதனையில் பெரிய எலியின் மஜ்ஜை அணுக்களுக்குள் லின்-28பியைச் செலுத்தினார்கள். வயதான அந்த அணுக்கள் கருவில் இருக்கிற குட்டி செய்வது போன்ற லிம்போசைட்டுகளைச் செய்யத் தொடங்கிவிட்டன!

முதல் பதிலில் சொன்ன அதே லெட்-7தான் இது. புழுவில் அது செய்கிற வேலை, குட்டிப் பருவம் முடிந்தது, இனி பெரிய புழு என்று அறிவிப்பது. அதே பெயருள்ள அதே இருபத்திரண்டு எழுத்து, அரியக்குடியில் உங்கள் பேத்தியின் மஜ்ஜையிலும் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.

அதனால் மருமகள் கவனமாக இருப்பதில் தப்பில்லை, அவளைக் கோபிக்காதீர்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி போட்ட அட்டை வீட்டில் இருக்கும். அடுத்தது ஆறாவது வாரம். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், நாள் சரியில்லை என்று தள்ளிப் போட வேண்டாம். அய்யாவுக்குச் சளி, இருமல் இல்லை என்றால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்து பேத்தியைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். முத்தம் மட்டும் காலில் கொடுக்கச் சொல்லுங்கள். சளி பிடித்த சொந்தக்காரர்கள் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகட்டும்.